ஒரு நாளைக்கு ஒரு புள்ளி

எங்கள் வீட்டு டிவியில் நீந்திக்கொண்டிருந்த மீனைத் தின்ன ஒரு மடையான் கொக்கு, வாய்க்கால் கரையிலிருந்து கிளம்பி, கொல்லைப் படி ஏறி, அடுப்படியைத் தாண்டி, ஹாலுக்கே வந்து, திரையில் 'தக்'கென்று ஒரு கொத்துக் கொத்தியது. நீங்கள் நம்பமாட்டீர்கள். திருவையாற்றில் ஒருத்தரும் நம்பவில்லை. டீக்கடையில் நான் இதைச் சொன்ன அன்று நல்லக்கண்ணு சிரித்த சிரிப்பில், அவர் வாயிலிருந்த வடை எதிர் பெஞ்சுக்கு இடம் மாறிவிட்டது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். பெருவெள்ளத்தில் முதலையின் முதுகில் நின்றுகொண்டு ஷட்டரைத் திருகினேன் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். முதலில் அது ஒரு மரக்கட்டையாகத்தான் இருந்தது. சொல்லச் சொல்ல அதற்கு வால் முளைத்துவிட்டது.

ஆனால் கொக்குக்குச் சாட்சி உண்டு. என் மனைவி ஜெயாவின் அண்ணன் துரைக்கண்ணு. குடவாசலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து, இப்போது ஓய்ந்திருப்பவர். பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்ததைச் சொல்ல மாட்டேன் என்கிறார். ஜெயாவும் அவர் வீட்டில்தான் இருக்கிறாள். போய் இருபத்தாறு நாள் ஆகிறது. இந்த வருஷம் பொங்கலை நானே வைத்தேன். பானை பொங்கவில்லை, நான்தான் பொங்கினேன்.

நேற்று மச்சான் போனில் ஒரு ஒப்பந்தம் பேசினார்.

"செஞ்சதையெல்லாம் ஒண்ணு விடாம உங்க கையால எழுதுங்க மாப்பிள்ளை. ஜெயா படிக்கட்டும். வர்றதும் வராததும் அவ இஷ்டம். நான் அதுக்குக் கீழேயே கொக்கைப் பத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

நியாயமான மனிதர். ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் காயாரோகணம். நாகையில் மீன் ஏலம் விட்டவர் மகன். முப்பத்து நாலு வருஷம் வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கர் வேலை. அந்த வேலையில் ஒரே ஒரு ரகசியம்தான். தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தால், ஒரே நாளில் பலகையை இறக்கினீர்களானால் ஊரே அரிவாளோடு வந்து நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு திருகு இறக்குங்கள். ஒருத்தருக்கும் தெரியாது. கடைமடையில் பயிர் வாடும்போது அவர்கள் வானத்தைத் திட்டுவார்கள், விதையைத் திட்டுவார்கள், ஜாதகத்தைத் திட்டுவார்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். "தண்ணி குறைஞ்ச மாதிரி இருக்கேண்ணே" என்று எவராவது கேட்டால் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "அதே தண்ணிதாங்க."

போன ஆவணியில் தஞ்சாவூரில் ஒரு ஷோரூமுக்குள் மழைக்கு ஒதுங்கினேன். அங்கே ஃபோர்கே டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஐம்பத்தைந்து இஞ்ச். அதற்குள்ளும் மழை. சத்தியமாகச் சொல்கிறேன், வெளி மழைக்கு மடிக்காத வேட்டியை உள் மழைக்கு மடித்துக் கட்டினேன். செய்தி வாசித்த பெண் காலையில் தின்றது இட்லியா பொங்கலா என்று பல்லிடுக்கில் தெரிந்தது. பொங்கல்தான். மிளகு இருந்தது.

வீட்டுக்கு வந்து ஜெயாவிடம் சொன்னேன். அவள் சீரியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கிற டிவிக்கு என்ன கேடு? இதுல அழுதா கண்ணீர் தெரியலையா?"

எங்கள் பழைய டிவி முப்பத்திரண்டு இஞ்ச், பதினோரு வயது, ஒரு நாள் காய்ச்சல் கண்டதில்லை. அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் வன்முறை பிடிக்காதவன். அதனால் ரிமோட்டை எடுத்தேன். பிக்சர் என்று ஒரு இடம் இருக்கிறது. அதற்குள் ஷார்ப்னெஸ். ஐம்பதில் இருந்தது. நாற்பத்தொன்பது ஆக்கினேன்.

மறுநாள் நாற்பத்தெட்டு. சில நாள் வெளிச்சத்திலும் ஒரு புள்ளி.

ஒரு மாதத்துக்குள் ஜெயாவே "டிவி போச்சுங்க, புதுசு வாங்கலாம்" என்பாள் என்று கணக்குப் போட்டேன். இருபத்து மூன்றாம் நாள் அவள் கேட்டாள், "படம் மங்கலா இருக்கிற மாதிரி இல்லை?"

நான் சொல்ல வேண்டியது "ஆமாம்" என்ற ஒரு சொல். அதற்காகத்தான் இத்தனையும். ஆனால் முப்பத்து நாலு வருஷப் பழக்கம். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது: "அப்படியேதானே இருக்கு."

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். திரும்பவும் துடைத்தாள்.

ஜெயாவின் அம்மாவுக்கு அறுபதில் பார்வை போயிற்று. ஜெயாவுக்கு ஐம்பத்தொன்பது. இது எனக்குத் தெரியாதா என்று பிறகு மச்சான் கேட்டார். தெரியும். மாமியாரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவனே நான்தான்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதித் திருகில் விட்ட பலகை எதற்கும் உதவாது. மேலே தூக்கினால் இருபத்து மூன்று நாள் உழைப்பு வீண். இருபத்தேழிலிருந்து இருபத்தாறுக்கு இறக்கினேன்.

ஜெயா கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்கிறவள். திருவையாற்றிலும் பூதலூரிலும் அவள் தைத்த மயில் முதுகில் ஏறாத கல்யாணப் பெண் இல்லை. இதில் நான் கூட்டிச் சொல்லவில்லை. ஒரு நாள் ஃப்ரேமையும் ஊசிகளையும் அடுத்த தெரு பூமிகாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஊசி இன்னும் தெரியுதுங்க," என்றாள். "தெரியறப்பவே விட்டுடணும். அடுத்தவங்க பட்டு பாழாயிடக் கூடாது பாருங்க."

"ரெஸ்ட் எடு," என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

"அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. டாக்டர்கிட்டயும் இப்போ வேண்டாம். அம்மாவைப் பார்த்த மாதிரியே அண்ணன் என்னையும் பார்த்துக்கிட்டு நிப்பாரு."

சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான்.

ஒரு காலை, ஆற்றில் குளித்துவிட்டு வந்தேன். அடுப்படியில் ஜெயா கண்ணை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். சுவரைத் தடவி நாலு எட்டு. கை அலமாரிக்குப் போனது. ஒவ்வொரு டப்பாவாகத் தொட்டு, மெல்லச் சொன்னாள்: "உப்பு. மிளகாய்த்தூள். துவரம்பருப்பு." கண்ணைத் திறந்து சரிபார்த்தாள். மூன்றும் சரி. திரும்ப மூடிக்கொண்டாள்.

நான் வாசலுக்குப் போய், செருப்பைச் சத்தமாக உதறிவிட்டு, மறுபடி உள்ளே வந்தேன். சூடாகக் காப்பி கொடுத்தாள். அன்றைக்கும் ஒரு புள்ளி குறைத்தேன்.

ஐம்பதாம் நாள் பூஜ்யம். அன்று மாலை, "உன் கண்ணுக்குப் பெரிய டிவியா, தெளிவான டிவியா இருந்தா நல்லதுன்னு தோணுது," என்றேன். தீபாவளிக்கு முதல் நாள் ஃபோர்கே வந்து இறங்கியது. ஆறு கரையை உடைத்து வீட்டுக்குள் வந்தாலும் நனையக் கூடாது என்று சுவரில் ஆறடி உயரத்தில் மாட்டச் சொன்னேன். ஜெயா பார்த்தாள்.

"தெரியுதுங்க. நல்லாத் தெரியுது. எனக்காகவா வாங்கினீங்க?"

"பின்னே?" என்றேன்.

அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவன் யார் என்பதையும் இந்த இடத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆரி ஃப்ரேமை மட்டும் திரும்ப வாங்கவில்லை. "இவ்வளவு பெரிசா இருந்தாத்தான் எனக்குத் தெரியுது. ஜாக்கெட் இவ்வளவு பெரிசா இருக்காதே," என்று சிரித்தாள்.

பழையதை விற்க அவள் விடவில்லை. புதியதற்குக் கீழேயே ஒரு முக்காலியில் வைத்துக்கொண்டாள். காலையில் ஒரு நிமிஷம் போட்டுப் பார்ப்பாள். "இன்னும் அப்படியேதான் இருக்கு," என்று அணைத்துவிடுவாள். நான் ஒரு நாளைக்கு ஒரு புள்ளி ஏற்றியிருக்கலாம். கண் தேறுகிறது என்று நினைத்திருப்பாள். ஆனால் தேறிய கண்ணுக்கு ஃபோர்கே எதற்கு என்ற கேள்வி வரும். அதனால் ஏற்றவில்லை.

நான் ஜெயாவின் கண்ணைத் தொடவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். தொட்டதெல்லாம் ரிமோட்டைத்தான்.

இனி கொக்கு.

டிவி பெருமையைப் போனில் மச்சானிடம் அளந்தேன். அவர் அசையவில்லை.

"கேபிள்ல வர்ற படமே சின்னது மாப்பிள்ளை. அதை இழுத்து இழுத்துப் பெரிசு பண்ணிக் காட்டுது, அவ்வளவுதான். பழைய சோத்தை வெள்ளித் தட்டுல போட்டா பிரியாணி ஆயிடுமா? ஃபோர்கேயிலயே எடுத்த படமா இருக்கணும். இல்லைன்னா, மூக்கு இடிக்கிற தூரத்துல உட்காரணும். உங்க ஹால்ல மனுஷக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது."

"மனுஷனை விடுங்க மச்சான். எங்க டிவியில மீனைப் போட்டா மடையான் வந்து கொத்தும்."

"மொதல்ல அது தலையில வெண்ணெய் வைங்க," என்று போனை வைத்துவிட்டார்.

சொல்லியாகிவிட்டது. வாய்க்கால் கரையில் தினம் ஒரு மடையான் நிற்கும். சாக்குத் துணி நிறத்தில் கூனிக்கொண்டு நிற்கும், பறந்தால் வெள்ளை வெளேர் என்று இருக்கும். முதல் நாள் அதன் காலடியில் ஒரு கெண்டைக் குஞ்சு போட்டேன். மறுநாள் இரண்டடி தள்ளி. ஒரு நாளைக்கு இரண்டடி. கொல்லை, துளசி மாடம், படி, அடுப்படி. ஒரு மாதத்துக்குள், காலை பத்து மணிக்கு மீன்காரனைத் தேடுகிற கிழவர் மாதிரி ஹால் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஜெயாவைக் கடைக்கு அனுப்பிவிடுவேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானை வரவழைத்தேன். அவர் இஞ்ச் டேப்போடு வந்தார். கூடவே பென்டிரைவ் இரண்டு, இரண்டிலும் ஒரே மீன் படம், புதியதற்கு ஃபோர்கே அளவு, பழையதற்கு அதன் அளவு. நாற்காலியிலிருந்து டிவி வரை அளந்தார்.

"பதினோரு அடி. இங்க உட்கார்ந்தா சாமிக்கே வித்தியாசம் தெரியாது. போடுங்க ரெண்டையும்."

போட்டேன். மேலே மீன் மீனாக இருந்தது. கீழே கஞ்சியில் விழுந்த கறிவேப்பிலையாக இருந்தது. நான் எழுந்து ஒரு சின்ன ஆட்டமே ஆடினேன்.

மச்சான் ஆடவில்லை. முப்பது வருஷம் மற்றவர்கள் பார்வையை அளந்தவர் அவர். "பழசு இவ்வளவு மோசமா இருக்காதே," என்று முனகிக்கொண்டு பழைய ரிமோட்டை எடுத்தார். பிக்சருக்குள் போனார். ஷார்ப்னெஸ் பூஜ்யம். விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். பத்து, இருபது, ஐம்பது. கீழேயும் மீன் மீனாயிற்று.

அடுப்படி வாசலில் ஜெயா, காப்பித் தட்டோடு நின்றாள். அன்றைக்குக் கடைக்கு அனுப்ப மறந்திருந்தேன்.

"எத்தனை நாளுங்க?" என்றாள்.

"அம்பது."

"அடுப்படியில நான் நடந்து பழகினேனே. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

தட்டைக் கீழே வைத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பெட்டி எடுக்க அறைக்குள் போனாள்.

அந்த நிமிஷத்தில், மணி பத்து அடித்த மாதிரி, மடையான் வந்தது. தரையில் மீன் இல்லை. தலையைச் சாய்த்தது, திரையைப் பார்த்தது, கழுத்தை உள்ளிழுத்தது, கொத்தியது. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே நடந்து போயிற்று. நானும் மச்சானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"பார்த்தீங்களா!" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"என்னத்தை மாப்பிள்ளை?"

"கொக்கு, மச்சான்!"

"எந்தக் கொக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலையே. அப்படியேதானே இருக்கு. உங்க கண்ணைத்தான் ஒரு தரம் காட்டணும்."

டீக்கடையில் போனைப் போட்டுக் கேட்டபோதும் இதையேதான் சொன்னார். "திரையில தடம் இருக்குமே, காட்டுய்யா," என்றார் நல்லக்கண்ணு. தடம் இருக்கிறது. அதைக் காட்டுவதில் ஒரு சின்னச் சிக்கலும் இருக்கிறது. இந்த வாக்குமூலத்துக்கு அது தேவையில்லை.

இருபது நாள் போயிற்று. ஒரு மத்தியானம் அடுப்படியில் நின்று அந்தக் கொக்கின் கால் என்ன நிறம் என்று யோசித்தேன். மஞ்சளா, பச்சையா? தெரியவில்லை. உண்மையிலேயே வந்ததா? என் வீட்டில், என் கண்ணால் பார்த்ததை, பக்கத்தில் நின்றவர் இல்லை என்று சொன்னால் மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று மச்சானுக்குக் கொஞ்சமாவது தெரிகிறதா? இப்படி ஒரு கொடுமையை யாராவது யாருக்காவது செய்வார்களா?

ஆகையால் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நான் செய்தேன். ஐம்பது நாள், ஒரு நாள் விடாமல், அவள் பயப்படுகிறாள் என்று தெரிந்தே செய்தேன். ஜெயா வரட்டும், நானே காப்பி போட்டுக் கொடுக்கிறேன். ஃபோர்கே வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மனுஷக் கண்ணை நம்பாதீர்கள். ஒரு கொக்கு ஏமாந்திருக்கிறது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

கீழே மச்சான் எழுதுவார்.

– காயாரோகணம்

படித்தோம். பூமிகாவிடமிருந்து ஆரி ஃப்ரேமை வாங்கித் துடைத்து வைக்கும்படி ஜெயா சொல்லச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வருகிறாள். டிவி ரிமோட் இரண்டும் இனி அவளிடம் இருக்கும்.

மடையான் வந்தது உண்மை. மீனைக் கொத்தியதும் உண்மை. இரண்டடி தூரத்தில் நின்று என் கண்ணால் பார்த்தேன். கால் பச்சை. கொத்தியது கீழே, முக்காலியில் இருந்த பழைய டிவியை. மேலே இருந்ததை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

– துரைக்கண்ணு, குடவாசல்