அண்ணி பெருக்கிய தோட்டம்

கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைவர் அவர்களே! ஆண்டு தவறாமல் பிரீமியம் கட்டி, அடித்த புயலில் அத்தனையும் இழந்த ஆன்றோர்களே! அழுது ஓய்ந்து, அடுத்து என்ன என்று கேட்க வந்திருக்கும் அன்னையர்களே! வெயில் படாத இடம் தேடி நாற்காலியை நகர்த்திக்கொண்டிருக்கும் காப்பீட்டு அதிகாரி அவர்களே! அனைவருக்கும் வணக்கம். அதிகாரிக்கு மட்டும் கூடுதலாக ஒரு வணக்கம். என் அண்ணனின் இழப்பீட்டு மனுவைத் தள்ளுபடி செய்தவர் அவர்தான்.

புயல் ஓய்ந்த காலையில், குலை தள்ளிய வாழை அத்தனையும் அண்ணன் தோட்டத்தில் குப்புறக் கிடந்தது. சேதத்தைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள், தாய்மார்களே? ஆம், அந்த அம்மா சொல்கிறார், பெருக்குவோம் என்று. பெருக்கினார் என் அண்ணி! வாசலைப் பெருக்கினார், வழியைப் பெருக்கினார், அத்தோடு நின்றாரா?

"பெரிய மனுஷர் வர்றப்ப தோட்டம் இப்படி அலங்கோலமாவா கிடக்கிறது?" என்று அண்ணனை விரட்டினார். அக்கம்பக்கத்தார் கைகொடுக்க, விழுந்த மரங்களை வெட்டி இழுத்து ஓடைக்கரையில் போட்டு, மண்ணையும் சமன் செய்துவிட்டார். சிரிக்கிறீர்கள். என் அண்ணியாக இல்லாதிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

போட்டோ எடுக்கவில்லையா என்று அந்தத் தம்பி கேட்கிறார். கரண்டே இல்லாத ஊரில் போன் செத்துக் கிடந்தது, தம்பி. பாலிசி விற்க வந்தபோது வாய் ஓயாமல் பேசினார்களே, விழுந்ததைத் தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னார்களா?

அதிகாரி வந்தார். அண்ணி கொடுத்த காபியைக் குடித்தார். தோட்டத்தை ரொம்ப நீட்டாக வைத்திருப்பதாகப் பாராட்டினார். அண்ணிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்த வாரம் மனு தள்ளுபடி. ஏன் என்று அவருடைய அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன்.

"நான் பார்த்தப்ப அங்க ஒரு மரமும் விழுந்து கிடக்கலையேம்மா."

நின்றுகொண்டு ஒரு மரமாவது இருந்ததா என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநடவுக்கு வழியில்லாமல் நிலம் சும்மா கிடக்கிறது. அண்ணன் அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். அண்ணியை அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால்கூட அண்ணிக்கு மனம் ஆறியிருக்கும். இப்போது விளக்குமாற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நாங்கள் பிச்சையா கேட்கிறோம்? சலுகையா கேட்கிறோம்? மறுபடி வந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறோம்! ஓடைக்கரையில் மட்கிக் கிடக்கும் மரங்களைப் பாருங்கள். அன்று இழுத்துப் போட்டவர்கள் கையை உயர்த்துங்கள். போதும், இறக்குங்கள். இத்தனை கைகளும் பொய்யா சொல்லும்?

கடைசியாக ஒன்று. இந்த மண்டபத்தின் கூரையும் அதே புயலில்தான் பறந்தது. அதிகாரி வருகிறார் என்று கூட்டக் குழுவினர் ஓட்டை தெரியாமல் அழகான துணி கட்டியிருந்தார்கள். காலையில் ஏணி போட்டு ஏறி அதை அவிழ்த்தது நான்தான். தலைவர் மன்னிக்க வேண்டும். அதிகாரி அவர்களே, நாற்காலியை நகர்த்தியது போதும், கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். இப்போதாவது சேதம் கண்ணுக்குத் தெரிகிறதா?

வெயிலில் உட்கார்ந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன், வணக்கம்.