அண்ணனுக்குப் பதிலாக நான் குணமானது

என் பெயர் தேவேந்திரன், வயது 34, த/பெ ராமன். லைட்ஹவுஸ் குப்பத்தில் குடியிருந்து ஏரியில் மீன்பிடித் தொழில் செய்து வருகிறேன். கடந்த தை மாதம் முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, அண்ணி ஜமுனா முன்னிலையில், என் அண்ணன் குப்பனின் நீலக் கட்டம் போட்ட சட்டையை நான் அணிவது என்று எங்கள் வீட்டில் ஏகமனதாக முடிவானது.

அண்ணன் மீன் ஏற்றும் வண்டியைக் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டதில், சிறைக்குப் பதிலாகப் பன்னிரண்டு திங்கட்கிழமை பொன்னேரியில் உள்ள குடி மறுவாழ்வு மையத்துக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தால் லைசென்ஸைத் திருப்பித் தருவதாகக் கோர்ட்டில் உத்தரவாகியிருந்தது. குடித்துவிட்டு வருபவரை மையத்தில் அனுமதிப்பதில்லை என்று கோர்ட்டுக் கடிதத்தில் கண்டிருந்தது. அண்ணன் அன்று குடித்திருந்தார். ஏரியில் வலை வைக்கும் பாடு எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு முறைவைத்து வரும். முறைக்காரருக்கு முடியாவிட்டால் அந்த வீட்டில் வேறு ஆள் போகலாம். "பாடு வந்தா எனக்குப் பதிலு நீ போறதில்ல? இதுவும் அப்டிதாண்டா" என்று அண்ணன் படுத்தபடி சொன்னார். அதன்பேரில் போனேன். கடிதத்தில் போட்டோ இல்லை.

மையத்தில் கவுன்சிலிங் கொடுக்கும் கலைவாணி மேடத்திடம், எனக்குக் குடிப்பழக்கம் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். "மொத நாளு எல்லாரும் இதான்பா சொல்வாங்க" என்று எழுதிக்கொண்டார். அதன் பிறகு இரண்டு வாரமும் அப்படியே சொன்னதால், முன்னேற்றம் இல்லை என்று கோர்ட்டுக்கு எழுதப்போவதாக எச்சரித்தார். அதன் பிறகு நான்காவது வாரம், குடித்துவிட்டு மனைவியின் காதைக் கம்மலோடு பிய்த்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அன்று அண்ணியைத் தையல் போட அழைத்துப் போனது மட்டும்தான் நான். சொல்லும்போது அழுதேன். மையத்துக்கு வந்திருந்த எல்லோரும் கைதட்டினார்கள். பன்னிரண்டாவது வாரம், குப்பன் முழுமையாகக் குணமடைந்தார் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். "வூட்ல ஒருத்தராவது குணமாய்ட்டீங்களே கொழுந்தனாரே" என்றார் அண்ணி. அண்ணன் சான்றிதழை லேமினேட் செய்து வண்டியில் ஒட்டினார்.

லைசென்ஸ் கிடைத்த நான்காம் நாள் அண்ணன் குடித்துவிட்டு, இறால் ஏற்றிக்கொண்டு, அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போகும்போது காட்டூர் வளைவில் புளியமரத்தில் மோதினார். அண்ணி அங்கேயே இறந்தார். அண்ணனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. சான்றிதழைப் பார்த்து ஸ்டேஷனுக்கு வரவழைக்கப்பட்ட கலைவாணி மேடம், லாக்கப்பில் இருந்த அண்ணனைத் தெரியாது என்றார். பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்து, "இன்னா குப்பன், மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். அதன் பிறகு என்னையும் வைத்துக்கொண்டார்கள்.

எழுதியதை ஏட்டய்யா எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் இல்லை. இன்று காலை பாடு எங்கள் வீட்டு முறை. பதிலுக்குப் போக ஆள் இல்லாததால் அது அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

(ஒப்பம்) ரா. தேவேந்திரன்