பன்னிரண்டு நிமிடத் தாமதம்

பாறை ஏறும் கயிற்றை வெந்நீரில் துவைக்கக் கூடாது, ஐயா. குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். அக்கா வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அலசினேன். அப்போதுதான் ஒரு முனை நைந்து உள்நூல் தெரிவதைப் பார்த்தேன். நைந்த கயிற்றில் அத்தானை இறக்க மனம் ஒப்பவில்லை. அந்த முனையில் ஐந்து மீட்டரை வெட்டி, நெருப்பில் காட்டிப் பொசுக்கினேன். அவர் நன்மைக்காகச் செய்தது அது.

அத்தான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவன். ஐந்து பாறை உச்சிகளையும் ஒரே பகலில், சூரியன் மறைவதற்குள் ஏறி முடிப்பது எங்கள் ஆசை. இரண்டு முறை தோற்றோம். முதல் முறை மழை. இரண்டாம் முறை எனக்குத் தசை பிடித்துக்கொண்டது. என் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இறங்கினார் அத்தான். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. இது மூன்றாவது முறை, கடைசி முறையும்கூட. அக்காவுக்கு ஏழாம் மாதம். இதற்குப் பிறகு மலைப்பக்கமே போகமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"அவரை முழுசாக் கூட்டிட்டு வாடா. பாறை எங்கேயும் ஓடிப் போயிடாது" என்றாள் அக்கா.

"உன் தம்பி கட்டியிருக்கறது கடிகாரம் இல்லடி. எனக்குப் போட்ட கடிவாளம்" என்றார் அத்தான்.

மூன்று உச்சிவரை எல்லாம் கணக்காக நடந்தது. நான்காவதில் பாதி ஏறும்போது என் விரல் கிழிந்தது. "கொண்டா கையை" என்றார். பிளாஸ்திரி சுற்றி, குழந்தைக்குச் செய்வதுபோல ஊதியும் விட்டார். நல்ல மனிதர். உச்சியைத் தொட்டபோது மூன்றே முக்கால். பன்னிரண்டு நிமிடம் தாமதம்.

இறங்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். அறுபது மீட்டர் கயிற்றின் நடுவில் கறுப்பு மையால் ஒரு பட்டை போட்டிருப்போம். பாறையில் அடித்த வளையத்தில் கயிற்றைக் கோத்து, பட்டை வளையத்துக்கு வந்ததும் நிறுத்தினால் இருபக்கமும் சமமாகத் தொங்கும். இரண்டு இழையையும் சேர்த்துப் பிடித்து இறங்குவோம். ஒரு முனையை வெட்டிவிட்டால் பட்டை நடுவில் இருக்காது. ஒரு பக்கம் ஐந்து மீட்டர் குட்டையாகிவிடும். புதுப் பட்டை போட வேண்டும். அன்று மை கிடைக்கவில்லை. பிறகு மறந்துவிட்டேன்.

அத்தான் பட்டையை வளையத்தில் நிறுத்திய அந்த நொடியில் நினைவு வந்தது.

அவர் முனைகளில் முடிச்சுப் போடக் குனிந்தார். முடிச்சு இருந்தால் கயிறு தீர்ந்தாலும் ஆள் நழுவிப் போகமாட்டார்.

"முடிச்சு வேணாம் அத்தான். இடுக்குல மாட்டிச்சுன்னா அரை மணி நேரம் போயிடும்."

"சரிடா. பட்டை சரியாத்தானே இருக்கு? நீதானே துவைச்சே."

"சரியா இருக்கு."

சொல்லியிருக்கலாம். சொன்னால் கயிற்றை இழுத்து, அளந்து, மறுபடி கோத்து, கால் மணி நேரம் ஆகும். அவர் கவனமானவர், முனை வருவதைப் பார்த்துவிடுவார் என்று நம்பினேன். நம்பிக்கை வைப்பது தவறா?

"பொண்ணு பொறந்தா உன் ஜாடை வந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கறேன்டா" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் குட்டை முனை அவர் பிடியிலிருந்து நழுவி, வளையத்தின் வழியாகக் கயிறு சர்ரென்று ஓடித் தீர்ந்தது.

பின்பக்கச் சரிவில் நடந்து இறங்க எனக்கு நாற்பது நிமிடமானது. அவர் கற்களுக்கு நடுவில் கிடந்தார். தொடை எலும்பு உடைந்திருந்தது. நினைவு இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். என் சட்டையைக் கிழித்துக் கட்டினேன், ரத்தம் நிற்கவில்லை. கயிற்றைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்தேன். ஜாக்கெட்டைப் போர்த்தினேன். கண்ணை மூடி அவருக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொண்டேன்.

"ஆள் கூட்டிட்டு வரேன் அத்தான்."

"பார்த்துப் போடா. அவசரப்படாதே" என்றார்.

கீழே ஊருக்குப் போகும் பாதை இடப்பக்கம். நான் வலப்பக்கம் போனேன். ஐந்தாவது சுலபமான பாறை, கயிறு தேவையில்லை. இருவர் ஏற இரண்டரை மணி நேரம், தனியாள் ஒன்றரை மணியில் ஏறிவிடலாம். ஆறு பதினெட்டுக்கு உச்சியில் நின்றேன். சூரியன் இன்னும் இரண்டு விரற்கடை மேலே இருந்தது. அவருடைய ஆசையும் அதுதானே. அவருக்காகவும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். பிறகு மீட்புப் படைக்குப் போன் செய்தேன். அவர் உயிர் ஆறு மணி வாக்கில் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். ஐந்தரை மணிக்குள் ஆள் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொன்னீர்கள்.

உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும், அதனால்தான் மேலே போனேன் என்று முதல் நாள் எழுதிக் கொடுத்தேன். அதை அடித்துவிடுங்கள். என் போன் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே நாலு நாற்பத்தொன்றுக்கு அக்காவுக்கு நான் அனுப்பிய செய்தி அதில் இருக்கும். "நாலு முடிஞ்சது. அத்தான் ஜம்முனு இருக்கார். நீ நிம்மதியா சாப்பிட்டுப் படு."

ஏழு மாதக்காரி, ஐயா. அவளை நான் பதற விடுவேனா?