எலுமிச்சையை வாடவிடும் முறை

எலுமிச்சை வளர்க்கிறவர்களில் பலர் செய்யும் தவறு, அது வாடுகிற போதெல்லாம் தண்ணீர் ஊற்றிவிடுவது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. யாருக்காவது பயன்படும்.

நான் சிவசுப்பிரமணியன், தலைமையாசிரியர். இந்த எண்பத்துமூன்றாம் வருட வறட்சியிலும் உடையார்பாளையத்தில் பச்சையாக நிற்பது என் தோட்டம்தான். போன வருடம் ஊர் மன்றத்தில் 'தோட்டக்கலைத் திலகம்' என்று பட்டம் கொடுத்தார்கள். பொன்னாடையை நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். அவர்களுக்கு நிறம் பார்த்து வாங்கத் தெரியாது.

இரண்டுதான் என் பேச்சைக் கேட்கவில்லை. கேணியோரத்து எலுமிச்சை, ஏழு வருடம். என் மனைவி ஜெகதாம்பாள், பதினொரு வருடம்.

காய்க்காத மரத்தை அரிவாள் ஓங்கி மிரட்டுவது நம் பக்கத்து வழக்கம். ஒருவர் "வெட்டிடப் போறேன்" என்று ஓங்க வேண்டும். இன்னொருவர் கையைப் பிடித்து, "வுட்டுடுங்க, அடுத்த வருசம் காய்க்கும்" என்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். வருடா வருடம் நான் ஓங்குவேன், ஜெகதாம்பாள் கெஞ்சுவாள். சில சமயம் யாருக்காகக் கெஞ்சுகிறாள் என்று சந்தேகம் வரும்.

மிரட்டலுக்கு மசியாத மரத்தை வாடவிட வேண்டும். வேரைச் சுற்றி மண்ணைப் பறித்துவிட்டு, இலை சுருளும்வரை சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. பிறகு எருவும் தண்ணீரும் கொடுத்தால், சாகப் பயந்த மரம் பூத்துத் தள்ளும். பங்குனியில் எலுமிச்சைக்குத் தொடங்கினேன். சித்திரையில் ஜெகதாம்பாளுக்கு.

அவளிடம் விரதம் என்றேன். ஆறு நாள், சஷ்டி போல.

"சஷ்டி ஐப்பசியிலதானேங்க வரும்?"

"முருகனுக்குக் காலண்டர் கிடையாது."

அவளைப் பின்கட்டு அறையில் உட்காரவைத்து வெளியே பூட்டினேன். மனம் தடுமாறிப் பானைப் பக்கம் போய்விடக் கூடாதில்லையா?

மூன்றாம் நாள், "ஒரு வாய் தண்ணி குடுங்க" என்று குரல் வந்தது. இலை சுருள ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள், செடிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் கலியம்மாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஏங்க சார், மரத்துக்காச்சும் வேரு ஆழத்துல கெடக்கு. அம்மாவுக்கு என்னங்க கெடக்கு?"

"உனக்குப் புரியாது. போய்க் கொய்யாவுக்கு ஊத்து."

"கொய்யா ஒண்ணும் கத்தலீங்களே."

பிறகு காலில் விழுந்துவிட்டாள். "வுட்டுடுங்க சார். அடுத்த வருசம் காய்க்கும்."

எனக்கு மெய்சிலிர்த்தது. நான் சொல்லிக்கொடுக்காமலே அந்த வார்த்தை வந்திருக்கிறது. சடங்கு பலிக்கப் போகிறது; இனி அவசரப்பட்டுத் திறந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று தோன்றியது. அவள் எழுந்து ஊரைக் கூட்ட ஓடினாள். யாரும் வரவில்லை. தலைமையாசிரியர் வீட்டு விரதத்தில் யார் தலையிடுவார்கள்?

ஆறாம் நாள் விடிந்ததும் எலுமிச்சைக்கு எரு வைத்து ஏழு குடம் ஊற்றினேன். எட்டாவது குடத்தோடு அறையைத் திறந்தேன். ஜெகதாம்பாள் தோட்டத்துப் பக்கச் சுவரில் கன்னத்தை ஒட்டிக் கிடந்தாள். கொய்யாப் பாத்தித் தண்ணீரால் அந்தச் சுவர் எப்போதும் சில்லென்று இருக்கும். கூப்பிட்டேன். தொட்டேன். சுவரைவிடச் சில்லென்று இருந்தாள். குடத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. மாதுளைக்கு ஊற்றினேன்.

ஆமாம் ஐயா, பூட்டியது நான். சாவி ஆறு நாளும் என் இடுப்பில்தான் இருந்தது.

என் பீரோவில் நீங்கள் எடுத்த காகிதமும் என்னுடையதுதான். மூன்று வருடம் முன்பு திருச்சி டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. பிள்ளையில்லாத குறை என்னிடம்தானாம், அவளிடம் ஒன்றும் இல்லையாம். அவளுக்கு அதைக் காட்டவில்லை. டாக்டருக்குச் செடி வளர்த்துப் பழக்கம் கிடையாது.

நேற்று கான்ஸ்டபிள் சொன்னார், எலுமிச்சை பூத்திருக்கிறதாம். ஆக, முறையில் தவறு இல்லை. கலியம்மாளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: பூ வந்த பிறகு தண்ணீரை நிறுத்தக் கூடாது, பாவம், வாடிவிடும்.