சத்தம் நின்ற மதியம்

மீன்தொட்டி வைத்தால் மனசுக்கு அமைதி என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் வீட்டில் உப்புநீர்த் தொட்டி இருக்காது.

எங்கள் தொட்டியின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. மேல்தண்ணீர் அதற்குள் வழிந்து, குழாய் வழியாகக் கீழே அலமாரிக்குள் இருக்கும் வடிகட்டும் தொட்டிக்கு இறங்கும். மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். இறங்கும் தண்ணீர் காற்றையும் சேர்த்து இழுப்பதால் குழாய் ஓயாமல் மடக்மடக்கென்று விழுங்கும், நடுநடுவே ஏப்பம் விடும். கூடத்தில் யார் பேசினாலும் குரலை உயர்த்தித்தான் பேசவேண்டும்.

அடுத்த அறையில் அப்பா. பக்கவாதம் வந்தபின் கட்டிலோடுதான். நாக்கு குழறியதே தவிர கிண்டல் குறையவில்லை. தலையணை சரிந்தால் கூப்பிடுவார், மின்விசிறிக்குக் கூப்பிடுவார், மணி என்ன என்று கேட்கவும் கூப்பிடுவார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். பாதிக்கு எழுந்து போவேன். மீதிக்கு, "தொட்டிச் சத்தத்துல கேக்கலப்பா" என்பேன். சில சமயம் அது உண்மையாகவும் இருந்தது.

"நான் மீனாப் பொறந்திருக்கணும்டா," என்பார். "வாயத் தொறந்தாலே ஓடி வந்து தீனி போடுற."

வாரக் கடைசியில் வரும் அக்காவுக்கு இது பொறுக்காது. "டேய், முதல்ல அந்தச் சனியன் பிடிச்ச சத்தத்த நிறுத்து. அப்பா கத்துறது தெருவுக்கே கேக்குது, உனக்குக் கேக்கல."

குத்தல்தான். ஆனாலும் எனக்குக் கேட்கவில்லை என்பதை அவள் நம்பினாள். அந்த நம்பிக்கை என்னை உறுத்தியதால்தான் சத்தத்தை நிறுத்த முனைந்தேன். இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழாயில் ஒரு வால்வு பொருத்தினேன். அதைக் கொஞ்சங்கொஞ்சமாக இறுக்கினால் குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து, காற்றுக்கு இடமில்லாமல் போகும். சத்தமும் போகும். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் பெட்டியில் தண்ணீர் மட்டம் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அளவு மீறி இறுக்கினால் பெட்டி நிரம்பிவிடும். காத்திருப்பது எனக்குக் கஷ்டமில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அன்று மதியம், மயிரிழை அளவு திருகியதும் சத்தம் நின்றது. எங்கள் கூடம் அவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த அமைதியில் முதலில் கேட்டது டம்ளர் விழுந்த சத்தம். பிறகு இருமல். அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும், படுத்தபடி குடித்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் கேட்டு முன்பே கூப்பிட்டுப் பார்த்திருப்பார். நான் வராததால் தானே எட்டி எடுத்திருக்கிறார்.

எப்போதும் "டேய்" என்று அழைப்பவர், அன்று நான் குழந்தையாக இருந்தபோது வைத்த செல்லப்பெயரைச் சொன்னார். பாதிதான் வந்தது. மறுபடியும் பாதி.

நான் எழுந்திருக்கவில்லை. மட்டம் இன்னும் நிலைக்கவில்லை, விட்டுவிட்டுப் போனால் தண்ணீர் தரையில் வழியும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நேரக்கூடாது என்பதற்காகவே, பெட்டி நிரம்பினால் மிஞ்சும் தண்ணீரைக் கீழே இறக்கிவிட பக்கத்தில் உபரிக் குழாய் ஒன்று வைத்திருந்தேன். ஒரு சொட்டுகூட வழிந்திருக்காது.

தகவல் தெரிந்து அக்கா ஓடிவந்தபோது தொட்டி பழையபடி இரைந்துகொண்டிருந்தது. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கூடத்துக்கு வந்து என் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்தாள்.

"இந்த இரைச்சல்ல உனக்கு எப்படிடா கேக்கும்? உன்மேல தப்பில்ல. ஒத்த ஆளா நீயும் எவ்வளவுதான் பாப்ப."

அதையும் அவள் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்காக மட்டும்தான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். எல்லாம் முடிந்தபிறகுதான், அக்காவிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே என்று வால்வை மறுபடி திறந்தேன் என்று எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். அப்படியில்லை. நான் அதைத் திறந்தபோது அப்பா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.