எட்டாவது கணக்கு

அம்மா,

யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றது விளங்கும். பதினேழாம் மேசை. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கணினி, அது போட்டியின் விதி. நடுவில் விசைப்பலகையோடு உங்கள் மகன், எங்கள் தும்பி. இடப்பக்கம் நாங்கள் அக்கா என்று கூப்பிடும் இறுதியாண்டு மாணவி. வலப்பக்கம் காகிதமும் பென்சிலுமாக நான். மூன்று வருடமாக அதுதான் என் இடம்.

நான்கு மணி நேரத்தில் ஏழு கணக்குகளுக்கு நிரல் எழுதி முடித்துவிட்டோம். எட்டாவதும் முடிந்தால் முதலிடம். என் வழியை எழுதி நீட்டினேன். தும்பி சிரித்தான்.

"டேய், இது ஊரையே சுத்திட்டு எதிர்வீட்டுக்குப் போற வழி. பேசாம உக்காரு."

எனக்குக் கோபம் வரவில்லை. கடைசி மணி நேரத்தில் அவனுக்கு மூச்சு இழுக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். இன்ஹேலர் கைக்கு அகப்படாவிட்டால் பத்து நிமிடம் சாய்ந்து உட்காருவான். விசைப்பலகை எனக்குக் கிடைக்கும். அவ்வளவுதான் நினைத்தேன்.

இழுப்பு வந்தது. மேசையைத் தடவினான். "பைல இருக்கும், பாத்துட்டு வாங்கக்கா" என்றேன். பைகளெல்லாம் கீழ்த்தளத்தில். அக்கா ஓடினார். ஆள் கூப்பிடத் தும்பி கையைத் தூக்கினான். மெல்ல இறக்கிவைத்தேன். "அக்கா எடுத்துட்டு வராங்கடா, பொறு."

விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டு, இழுப்பு தொடங்கிய ஒன்பதாவது நிமிடம் விடையை அனுப்பினேன். தவறு என்று வந்தது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. தும்பியின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் கை என் சட்டைப் பையைத் தொட்டது. நான் அசையவில்லை. பிறகு அந்தக் கை திரைக்குப் போய் ஒரு வரியில் நின்றது. ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதைப் பூஜ்யத்திலிருந்து எண்ணியிருந்தேன். மருந்தைவிட விடைதான் அவனுக்கும் பெரிது என்று எடுத்துக்கொண்டேன்.

பத்தொன்பதாவது நிமிடம், சரி என்று வந்தது. அதற்குப் பிறகு நானே கையைத் தூக்கினேன். கணக்கை முடித்தவர்களின் மேசையில் பலூன் கட்டுவார்கள். அதைக் கொண்டுவந்தவர்தான் அவனைத் தரையில் கிடத்தினார். அக்கா வெறுங்கையோடு திரும்பினார். மருத்துவர் வந்தபோது உயிர் இல்லை.

இன்ஹேலர் தொலைந்துவிட்டது என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள். தொலையவில்லை. போட்டி தொடங்கியதுமே, அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு நெடுநேரம் முன்பே, என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். இன்னும் எத்தனை முறை இழுக்கலாம் என்று சொல்லும் எண் அதில் நாற்பத்தொன்று காட்டுகிறது. நான் ஒன்றுகூட வீணாக்கவில்லை. சான்றிதழில் அவன் பெயரைத்தான் முதலில் போடச் சொன்னேன்.

நான் கணக்குப் போட்டது பத்து நிமிடம்தான், அம்மா. மீதி ஒன்பது அந்த ஒரு வரியால் வந்தது. அந்தப் பிழைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டு, உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன்.