அந்த டேப் கெட்டுப்போகவில்லை

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மேலாளர் எபினேசர் அவர்களே, தொழிற்சங்கச் செயலாளர் ராசையா அவர்களே, முன்வரிசையில் மகளின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் முத்தம்மா அம்மா அவர்களே, ஷிப்ட் முடிந்து சட்டைகூட மாற்றாமல் வந்திருக்கும் கிரேன் பிரிவுத் தோழர்களே! கணினிப் பிரிவின் தலைவன் சங்கரநாராயணன் வணங்குகிறேன்.

பதினோரு நாள் காய்ச்சல். நாற்பத்திரண்டு வயது. போகிற வயதா அது? பதினான்கு வருடம் என் எதிர்மேசையில் இருந்த மோகனப்ரியாவை 'மறைந்த' என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காப்புப்பிரதி நிர்வாகி என்பது அவர் பதவி. நம் கன்டெய்னர் யார்டில் எல்லாருக்கும் அவர் பேக்கப் மேடம். காசிமேட்டில் அம்மா மீன் விற்றுப் படிக்கவைத்த பெண். நான் சைவன் என்று தெரிந்தே, வஞ்சிரம் வறுவலை நீட்டி, "சும்மா டேஸ்ட் பாருங்க சார்" என்று சீண்டுவார். அலுவலகத்திலும் காசிமேட்டுப் பேச்சுதான். அதை யாருக்காகவும் மாற்றியதில்லை.

நம் கணினிகளில் சேரும் பதிவுகளைத் தினமும் டேப்பில் நகலெடுத்து வைப்பது அவர் வேலை. எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அந்த வேலையை யார் நினைக்கிறோம்? நான் நினைத்ததில்லை!

சுயம்புவின் வழக்கு உங்களுக்குத் தெரியும். நான்கு வருடம் முன்பு கிரேனிலிருந்து பெட்டி சரிந்து, கீழே வேலை பார்த்த நம் தோழர் சாலமன் இறந்தார். கிரேனை ஓட்டிய சுயம்புவின் கவனக்குறைவு என்று வழக்கு. பிரேக் எச்சரிக்கை மூன்று முறை வந்தது, சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்றார் சுயம்பு. அதற்கு ஒரே சாட்சி கிரேனின் அன்றைய பதிவு. கணினியில் அது அழிந்து வெகுநாளாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு டேப்.

சென்ற வருடம் நீதிமன்றம் அந்தப் பதிவைக் கேட்டபோது மோகனப்ரியா ஒரு வாரம் விடுப்பில் இருந்தார். டேப்பில் உள்ளவற்றின் பட்டியலை முதலில் சர்வருக்குள் இறக்குமதி செய்தால்தான் பதிவை மீட்க முடியும். மூன்று முறை முயன்றும் இறக்குமதி பாதியில் நின்றது. எங்கள் பிரிவில் ஒருவர் டேப்பின் மேல் சிவப்பு மையில் 'பழுது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அழிக்க வேண்டியவற்றோடு போட்டுவிட்டார். பதிவு இல்லை என்று நீதிமன்றத்துக்குக் கடிதமும் தயார்.

திங்கட்கிழமை காலை மோகனப்ரியா அந்த டேப்பை எடுத்துவந்து என் மேசையில் வைத்தார்.

"டேப் மேல பழியப் போட்டுட்டீங்களே சார். எறக்கி வெக்க உள்ள எடம் கீதான்னு யாருனா பாத்தீங்களா?"

பார்க்கவில்லை! பட்டியல் போய்ச் சேர வேண்டிய சர்வரின் டேட்டாபேஸ் வட்டு நிரம்பிக் கிடந்தது. டேப்பிலிருந்து வந்த பட்டியலுக்கு உட்கார இடமில்லை. அவ்வளவுதான் கோளாறு.

முதலில் டேப்பின் ஓரத்திலிருந்த சின்னப் பொத்தானைத் தள்ளி, அதில் யாரும் மேலெழுத முடியாதபடி பூட்டினார். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றினார். அழித்துவிட்டால் சீக்கிரம் முடியுமே என்றேன். அதையும் ஒருநாள் யாராவது கேட்டு வருவார்கள் என்று சொல்லிவிட்டார். நான்கு மணி நேரத்தில் இறக்குமதி முடிந்தது. நான் துள்ளினேன், அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. இத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று குறித்த கெடு முடிந்த பதிவுகளைச் சர்வர் தினமும் மாலை ஆறு மணிக்குத் தானே நீக்கிவிடும். இந்தப் பதிவின் கெடு எப்போதோ முடிந்திருந்தது. அந்தக் கெடுவை நீட்டிய பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

மூன்று எச்சரிக்கைகளும் நிமிடக் கணக்கோடு அதில் இருந்தன. சுயம்பு விடுதலையானார். இதோ, ஆறாவது வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

'டேட்டாபேஸில் இடமில்லை, சரிசெய்யப்பட்டது.' மோகனப்ரியா கொடுத்த அறிக்கை இந்த ஒரே வரிதான். பழுது என்று எழுதியவர் யார் என்று அதில் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "இன்னாத்துக்கு சார் பேஜாரு? சுயம்பண்ணன் வூட்டுக்குப் போய்ட்டாரு. அது போதும்."

நேற்று அவருடைய அலமாரியைத் திறந்தேன். அந்த டேப் இருந்தது. சிவப்பு எழுத்தின் கீழே பென்சிலால், 'நல்லா கீது. தொடாதீங்க' என்று எழுதியிருந்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தோழர்களே, இனி இந்த யார்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த டேப்பையும் பழுது என்று எழுத மாட்டோம். அவர் விட்ட இடத்திலிருந்து அந்த வேலையை நான் என் கையாலேயே செய்வேன். இது மோகனப்ரியாவின் படத்துக்கு முன்னால் நான் தரும் வாக்கு.

முத்தம்மா அம்மா, உங்கள் மகள் கடைசிவரை ஒருவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. எபினேசர் சார், அந்தப் பதிவை மீட்டதற்காகக் கணினிப் பிரிவை நீங்கள் பாராட்டிய அன்று நான் கைகூப்பி அதை வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்று அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இன்று அவர் இல்லை, நான்தான் சொல்ல வேண்டும்.

சுயம்பு, அந்தச் சிவப்புக் கையெழுத்து என்னுடையது. என்னை மன்னித்துவிடுங்கள்.